இணையக் குழுக்களில் எதிர்ப்புக் குரலும் தலைமையின் முடிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. அதன் குடியிருப்பாளர் வட்ஸ்அப் குழுவுக்கு 2019 முதல் நான் அட்மினாக இருக்கிறேன். பழைய மாணவர் சங்கக் குழு, கோயில் திருவிழாக் குழு, வகுப்புப் பெற்றோர் குழு என்று இதே பொறுப்பைச் சுமக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விடயத்தைத்தான்: ஒரு முடிவை எடுத்துவிட்டோம், எல்லோரும் கொதிக்கிறார்கள், இனி என்ன செய்வது? கோடிக்கணக்கானோர் கூடும் பெரிய தளங்களின் தலைமைகளும் இதே இடத்தில் நின்று தடுமாறியிருக்கின்றன. அந்த அனுபவங்களையும் எங்கள் மாடிப்படி அனுபவத்தையும் சேர்த்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

முறைப்பாட்டுக்கும் எதிர்ப்புக்கும் என்ன வேறுபாடு?

ஒருவர் உங்களுக்குத் தனியே எழுதிக் குறை சொன்னால் அது முறைப்பாடு. அதே குறையைப் பலர் ஒரே நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, தலைமை பதில் சொல்ல வேண்டும் என்று நிற்கும்போது அது எதிர்ப்பாகிறது. முறைப்பாட்டைத் தொலைபேசியில் பேசித் தீர்த்துவிடலாம். எதிர்ப்பு அப்படித் தீராது, ஏனென்றால் அங்கே தலைமை என்ன செய்கிறது என்பதை வாய் திறக்காத உறுப்பினர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்ப்புக் கிளம்பினால் தலைமை உண்மையிலேயே முடிவை மாற்றுகிறதா?

மாற்றுகிறது, ஆனால் பெரும்பாலும் முடிவின் ஓரங்களை மட்டும். 2006 செப்டெம்பர் 5ஆம் திகதி பேஸ்புக், நண்பர்களின் நடவடிக்கைகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் ‘நியூஸ் ஃபீட்’ வசதியை முன்னறிவிப்பின்றிக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து அதே பேஸ்புக்கிலேயே லட்சக்கணக்கானோர் குழுக்களில் சேர்ந்தார்கள். மார்க் ஸக்கர்பேர்க் முதலில் எல்லோரையும் அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். மூன்று நாட்களில் மன்னிப்புக் கேட்டு, எது யாருக்குத் தெரிய வேண்டும் என்பதைப் பயனரே கட்டுப்படுத்தும் வழிகளைச் சேர்த்தார். நியூஸ் ஃபீட் போகவில்லை. இன்றும் பேஸ்புக்கைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான்.

வட்ஸ்அப்பும் 2021இல் இதையே செய்தது. தனியுரிமை விதிகளில் கொண்டுவந்த மாற்றத்தைப் பெப்ரவரி 8ஆம் திகதிக்குள் ஏற்க வேண்டும் என்று அறிவித்தவுடன் மக்கள் கூட்டம் கூட்டமாக சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் மாறத் தொடங்கினார்கள். கெடு மே 15ஆம் திகதிக்குத் தள்ளிப்போனது, விளக்கங்கள் வந்தன, ஏற்காதவர்களின் வசதிகளைக் குறைக்கும் திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் விதிமாற்றம் அப்படியே நின்றது. ஆகவே எதிர்ப்பவர்கள் முழு வெற்றியை எதிர்பார்த்து மனம் உடைந்துபோகத் தேவையில்லை. அவகாசம், விளக்கம், தெரிவு ஆகிய மூன்றையும் பெற்றுத் தருவதில் எதிர்ப்புக்கு நல்ல பலம் இருக்கிறது.

சில எதிர்ப்புகள் பலிப்பதும் சில பலிக்காமல் போவதும் எதனால்?

இரைச்சலின் அளவை வைத்து இதை விளங்கிக்கொள்ள முடியாது. ஒரே தளத்தில், ஒரே ஆயுதத்துடன் நடந்த இரண்டு எதிர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

ரெடிட் தளத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு துணைக்குழு உண்டு. அவற்றைச் சம்பளமின்றிப் பராமரிப்பவர்கள் தன்னார்வ மட்டறுத்துனர்கள். 2015 ஜூலை 2ஆம் திகதி, பிரபலங்களுடனான கேள்வி பதில் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்துவந்த ஊழியர் ஒருவர் திடீரென்று நீக்கப்பட்டார். நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்திருந்த மட்டறுத்துனர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் துணைக்குழுக்களை மூடினார்கள். ஒரு நாளுக்குள் நூற்றுக்கணக்கான துணைக்குழுக்கள் மூடப்பட்டன. இடைக்காலத் தலைமை நிறைவேற்று அதிகாரி எலன் பாவோ சில நாட்களில் மன்னிப்புக் கேட்டார். அவர் விலக வேண்டும் என்ற மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்த நிலையில், ஜூலை 10ஆம் திகதி பதவி விலகினார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே தளம், வெளியார் உருவாக்கிய செயலிகள் தன் தரவைப் பெறுவதற்குப் பெரும் கட்டணம் விதித்தது. 2023 ஜூன் 12ஆம் திகதி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணைக்குழுக்கள் மூடப்பட்டன. எண்ணிக்கையில் 2015ஐ விட இது எவ்வளவோ பெரியது. ஆனால் தலைமை அசையவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் இலாப நோக்கற்ற செயலிகளுக்கு மட்டும் விலக்களித்தது. பலரின் விருப்பத்துக்குரிய அப்பலோ செயலி ஜூன் 30ஆம் திகதி மூடப்பட்டது.

இரண்டுக்கும் இடையே என்ன மாறியது? 2023இல் பெரும்பாலான துணைக்குழுக்கள் நாற்பத்தெட்டு மணி நேரம் மட்டுமே மூடுவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டன. திரும்பிவரும் நாளைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவரை அந்த நாள்வரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்றுதான் எந்தத் தலைமையும் கணக்குப் போடும். அதோடு, திறக்க மறுக்கும் மட்டறுத்துனர்களை நீக்கி வேறு ஆட்களை அமர்த்த முடியும் என்பதையும் நிறுவனம் வெளிப்படையாகக் காட்டியது. 2015இல் தன்னார்வலர்கள் கையை எடுத்தபோது அந்த இடத்தை நிரப்புவது எப்படி என்று தலைமைக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் முடிவு இதுதான்: எத்தனை பேர் கத்துகிறார்கள் என்பதை விட, வேலை செய்துகொண்டிருந்த எத்தனை பேர் கையை எடுக்கிறார்கள் என்பதே தலைமையின் முடிவை நகர்த்துகிறது. போவதற்கு இன்னோர் இடம் இருந்தால் அந்தப் பலம் இரட்டிப்பாகும். 2010 ஓகஸ்டில், செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் தளம் தன் வடிவத்தை அடியோடு மாற்றியபோது அதன் பயனர்கள் ரெடிட்டுக்குப் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

மக்கள் கோபப்படுவது முடிவுக்காகவா, முடிவெடுத்த முறைக்காகவா?

இதற்கு எங்கள் தொடர்மாடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் தொடக்கம், நாட்டில் பொருளாதார நெருக்கடி. கேஸ் இல்லை, டீசல் இல்லை, மார்ச் 31ஆம் திகதிக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்த காலம். “நாளை விடியற்காலை சந்திக்கு கேஸ் லொறி வரும்” என்று யாரோ வேறொரு குழுவிலிருந்து வந்த செய்தியை எங்கள் குழுவில் போட்டுவிட்டார். காலை நான்கு மணிக்கே வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வரிசையில் வைத்துவிட்டு எங்கள் ஆட்கள் குந்தியிருந்தார்கள். லொறி வரவில்லை. ஒன்பது மணி வெயிலில் மூன்றாம் மாடி ஐயா ஒருவர் மயங்கி விழுந்தார்.

அன்றிரவு நான் குழுவைப் பூட்டினேன். அதாவது, அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றினேன். வதந்தியால் இன்னொருவர் விழக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை, சரியானதைத்தான் செய்தேன் என்று நம்பிக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்த்தால் என் தொலைபேசியில் தனிச் செய்திகள் குவிந்து கிடந்தன. மத்தியானத்துக்குள் இன்னொரு குழு தொடங்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது, கேஸ் வரிசைக்கான இலக்கப் பட்டியலை எழுதிப் பராமரித்துவந்த இரண்டு இளைஞர்கள் ஒரு சொல்லும் எழுதாமல் குழுவை விட்டு விலகியிருந்ததுதான்.

மின்தூக்கி வேலை செய்யாததால் மாடிப்படியில் மெழுகுதிரியுடன் ஏறிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைக் கண்டு நின்றார். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “பிள்ளை, நீர் பூட்டினது பிழையெண்டு நான் சொல்லேல்லை. எங்களை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?”

அந்த ஒரு சொல்தான் விடயம். நாங்கள் மூன்று அட்மின்களும் அடுத்த இரண்டு மாலைகளும் மாடி மாடியாக ஏறிப் பேசினோம். வதந்தியைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கண்ணால் கண்டதை அல்லது கேஸ் முகவரிடம் தாமே கேட்டறிந்ததை மட்டும் போடுவது என்ற விதியை முன்மொழிந்ததே குழு பூட்டப்பட்டதை மிகக் கடுமையாக எதிர்த்த ஒருவர்தான். பூட்டைத் திறந்தோம், விதியை வைத்தோம். பட்டியல் எழுதும் இளைஞர்கள் இருவரும் திரும்பி வந்தார்கள்.

பெரிய அளவிலும் இதுவே நடக்கிறது. 2019 ஜூன் 10ஆம் திகதி, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. அதற்கென்று சமூகமே தேர்ந்தெடுத்து வைத்திருந்த நடுவர் குழுவைத் தாண்டி, காரணத்தை வெளியிடாமல் அது செய்யப்பட்டதால் சுமார் இருபது நிர்வாகிகள் தங்கள் பொறுப்புகளைத் துறந்தார்கள். விவகாரம் அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவரை போய், கடைசியில் நடுவர் குழுவின் கைக்கே திரும்பி வந்தது. செப்டெம்பரில் நடுவர் குழு தடையை நீக்கியது. ஆனால் அந்த நபரின் நிர்வாகி உரிமையை அது மீட்டுக் கொடுக்கவில்லை. அறக்கட்டளையின் கவலையில் ஒரு பகுதி நியாயமானது என்பதை, உரிய வழியில் வந்தபோது சமூகம் ஏற்றுக்கொண்டது.

அதிகம் பேசுபவர்கள் எல்லோருக்காகவும் பேசுகிறார்களா?

சில வேளைகளில் மட்டும். கோபத்தில் எழுதப்பட்ட செய்திகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், எழுதியவர்களின் எண்ணிக்கையை ஒருமுறை கையால் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பதினேழு பேர்தான். அவர்களில் நான்கு பேர் டொரொன்டோவிலும் இலண்டனிலும் வசிக்கும் வீட்டு உரிமையாளர்கள். அவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன், வீடு அவர்களுடையது, இங்கே இருக்கும் பெற்றோர் அவர்களுடையவர்கள், தூரத்தில் இருப்பதாலேயே அவர்களின் பதற்றம் கூடுதலானது. ஆனாலும் வரிசையில் நிற்கிறவரின் குரலும் அவர்களின் குரலும் ஒரே எடையுடையவை என்று வைத்து கேஸ் வரிசையைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மௌனமாக இருப்பவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய பிழை. எங்கள் குழுவில் முதியவர்கள் தட்டச்சு செய்வதில்லை, ஒலிச் செய்தி அனுப்புவார்கள். இரண்டு நிமிட ஒலிச் செய்தியை முழுதாகக் கேட்க அவசரத்தில் இருக்கும் அட்மினுக்குப் பொறுமை இருப்பதில்லை. நானும் பலவற்றைக் கேட்காமல் விட்டிருந்தேன். அவற்றில் ஒன்றில், மயங்கி விழுந்த ஐயாவின் மனைவி, குழுவைப் பூட்டியதற்கு நன்றி சொல்லியிருந்தார்.

தலைமைக்கு விளங்காத மொழியில் எதிர்ப்பு எழுந்தால் என்ன ஆகும்?

அது கேட்கப்படாமலே கிடக்கும், விளைவு பயங்கரமாக இருக்கும். இந்த நாட்டுக்கு இது தெரியும். பேஸ்புக்கில் சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைப் பற்றி, கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வு வெளியிட்டிருந்தது. பயனர்கள் முறைப்பாடு செய்துகொண்டே இருந்தார்கள். அந்த மொழியை வாசித்து நடவடிக்கை எடுக்கப் போதிய ஆட்கள் நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில், திகனையிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் பேஸ்புக்கை முடக்கிய பிறகே நிறுவனத்தின் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்து பேசினார்கள். அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆண்டுக்கணக்கான பயனர்களின் குரலால் முடியாததை ஒரு வாரத் தடை செய்தது என்பதை எழுதும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

கொழும்புத் தொடர்மாடிகளில் இதன் சிறிய வடிவத்தை நாள்தோறும் காணலாம். முகாமைத்துவக் குழுவின் அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் மட்டும் வரும், ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் தமிழ், சிங்கள முதியவர்கள் கட்டணம் கூடியதை அது கூடிய பிறகே அறிவார்கள். அறிவித்தல் மூன்று மொழியிலும் வரட்டும், பதிலையும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று அதிலேயே சொல்லுங்கள்.

எதிர்ப்பை அடக்கக் குழுவை மூடிவிடலாமா?

முடியும், ஆனால் எதிர்ப்பு அடங்காது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோது, இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், டுவிட்டர் உள்ளிட்ட தளங்கள் முடக்கப்பட்டன. பலர் விபிஎன் வழியாக உள்ளே வந்தார்கள், அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தடையை ஏற்க முடியாது என்று பகிரங்கமாக எழுதினார். அன்று பிற்பகலே தடை நீங்கியது. இரவு, பிரதமரைத் தவிர்ந்த அமைச்சரவை விலகியது. ஒரு நாட்டின் நிலையையும் ஒரு தொடர்மாடிக் குழுவையும் சமமாக வைக்க நான் முயலவில்லை. மூடப்பட்ட இடத்திலிருந்து பேச்சு வேறிடத்துக்குப் போகிறது, அங்கே தலைமையின் விளக்கத்தைச் சொல்ல ஆள் இருப்பதில்லை என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

கோபம் தவறான ஆள் மீது திரும்பினால்?

பெரும்பாலும் அப்படித்தான் திரும்புகிறது. மேலே சொன்ன 2015ஆம் ஆண்டு ரெடிட் விவகாரத்தில், கேள்வி பதில் நிகழ்ச்சிகளின் ஏற்பாட்டை மாற்றியது தன் முடிவு என்று இணை நிறுவனர் அலெக்சிஸ் ஒஹானியன் பின்னர் ஒப்புக்கொண்டார். அதற்குள் வசையெல்லாம் எலன் பாவோ மீது கொட்டப்பட்டுவிட்டது, அவற்றில் பல அவர் பெண் என்பதற்காகவும் ஆசிய வம்சாவளியினர் என்பதற்காகவும் எழுதப்பட்டவை. முடிவெடுத்தவர் யார் என்பதை முதல் நாளே சொல்வது தலைமையின் கடமை. ஒருவரை வசைபாடும் செய்தியை நீக்குவதையும், முடிவை விமர்சிக்கும் செய்தியை நீக்குவதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. நீக்கும்போது ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் நீக்கிய செய்தியின் ஸ்கிரீன்ஷொட் அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறு குழுக்களில் சுற்றும்.

தலைவர் விலகினால் பிரச்சினை தீருமா?

விலகலால் என்ன மாறுகிறது என்பதைப் பொறுத்தது. பைதன் நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ரொசம், ஒரு புதிய இலக்கணக் கூறு பற்றிய கசப்பான விவாதத்துக்குப் பிறகு 2018 ஜூலை 12ஆம் திகதி, இறுதி முடிவெடுப்பவர் என்ற நிலையிலிருந்து ஒதுங்கினார். அவர் ஏற்ற அந்தக் கூறு கைவிடப்படவில்லை, அடுத்த ஆண்டு வெளியான 3.8 பதிப்பில் இடம்பெற்றது. மாறியது வேறு. ஒருவர் முடிவெடுத்த இடத்தில், உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு வந்தது. எதிர்ப்பு ஒன்றின் விளைவாக இதைவிடப் பயனுள்ள மாற்றத்தை நான் அறியேன். ஆளை மட்டும் மாற்றிவிட்டு அதே பூட்டிய அறையில் முடிவெடுத்தால், புதியவரும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிற்பார்.

அப்படியானால் எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விடலாமே?

வேண்டாம். தண்ணீர்த் தாங்கி கழுவும் நாளுக்கெல்லாம் வாக்கெடுப்பு வைத்தால் மூன்றாவது வாக்கெடுப்பில் ஒருவரும் பங்கெடுக்க மாட்டார்கள். டெபியன் மென்பொருள் சமூகத்தில் தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகிறார், அன்றாட முடிவுகளை எடுக்கிறார். அவர் முடிவு பிடிக்காவிட்டால் உறுப்பினர்கள் பொதுத் தீர்மானம் கொண்டுவந்து மாற்றலாம் என்று விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிறிய குழுக்களுக்கும் அது பொருந்தும். எங்கள் குழுவில் பத்து வீட்டார் கேட்டால் எந்த முடிவையும் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு ஆண்டுகளில் இரண்டு முறைதான் கேட்டார்கள்.

இன்று எங்கள் குழுவில் எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது. முதலில் என்ன எழுதுவது?

தீர்வு கையில் இல்லாவிட்டாலும் சில மணி நேரத்துக்குள் எழுதுங்கள். பதில் விரைவாக வரட்டும், முடிவு ஆறுதலாக வரட்டும். நாங்கள் பயன்படுத்தும் வாசகம் இது, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்:

“இன்று காலை எடுத்த முடிவைப் பற்றி உங்களில் பலர் வருத்தம் தெரிவித்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமல் செய்தது எங்கள் பிழை. முடிவை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம். நாளை இரவு எட்டு மணிவரை வரும் எல்லாச் செய்திகளையும் வாசிப்போம், ஒலிச் செய்திகளையும் முழுதாகக் கேட்போம். எழுத விரும்பாதவர்கள் எங்கள் மூவரில் யாருடைய வீட்டுக் கதவையும் தட்டலாம். நாளை மறுநாள் மாலை ஆறு மணிக்கு முடிவையும் அதற்கான காரணத்தையும் இதே இடத்தில் அறிவிப்போம்.”

கீழே ‘நிர்வாகம்’ என்று போடாமல் மூவரின் பெயர்களையும் வீட்டு இலக்கங்களையும் எழுதுங்கள். ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்கே போடுங்கள். முடிவு இன்னும் தயாராகவில்லை என்றால் அதையாவது ஆறு மணிக்கு எழுதிவிடுங்கள்.